சுரண்டாமல் எடுத்த தரை

"வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இந்தச் சனி ஞாயிறில் பழைய தரையைப் பிய்த்துப் போட்டுவிடுகிறேன், மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்." வாடிக்கையாளர் யாராவது தொலைபேசியில் இப்படிச் சொன்னால், கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்து பேசுவேன். தரையில் கை வைக்காதீர்கள், பெருக்கக்கூடச் செய்யாதீர்கள், கதவைச் சாத்திவிட்டு வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள் என்பேன். பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். சிலருக்கு அன்றைக்கே ஒரு நீளமான கடிதமும் எழுதுகிறேன். அந்தக் கடிதங்களில் எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

என் பட்டறை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கில் இருக்கிறது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற பழைய பயண டிரெய்லர்களைப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறிய கழிவறை எல்லாம் உள்ளே அடங்கிய ஒரு குட்டி வீடு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்கக் குடும்பங்கள் விடுமுறைக்கு இப்படித்தான் ஊர் சுற்றின. வாலி பையம் 1930களில் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீமின் வெள்ளித்தகடு உடம்பு உலகத்துக்கே தெரியும். ஓக்லஹோமாவில் விமானம் செய்துகொண்டிருந்த ஸ்பார்ட்டன் நிறுவனம், போருக்குப் பின் அதே அலுமினியக் கைவேலையை டிரெய்லரில் காட்டியது. பின்புறம் இரண்டு சிறகு வைத்த ஷாஸ்டாவுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. கோவையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். ஏர்ஸ்ட்ரீமின் ரிவெட் வரிசையை முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்தபோதே இந்த வேலையில் மனசு போய்விட்டது.

வாங்குகிறவர்கள் தகட்டைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பார்கள். நான் ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து மூலையில் மண்டியிடுவேன். பிளைவுட் நல்லதாக இருந்தால் ஊசி முனை இறங்காது. கெட்டுப்போயிருந்தால் பிடி வரைக்கும் இறங்கிவிடும். வில்லமெட் பள்ளத்தாக்கில் இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை மழைதான். ஜன்னல் ரப்பரும் கூரைத் தையலும் ஒரு இடத்தில் விட்டால் போதும், தண்ணீர் சுவரின் உள்பக்கமாக இறங்கித் தரையின் ஓரத்தில் தேங்கும். மேலே டைல்ஸ் பளபளவென்று இருக்கும், கீழே மரம் கூழாகியிருக்கும்.

வீட்டுத் தரைக்கும் இந்தத் தரைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஏர்ஸ்ட்ரீம் மாதிரி வண்டியில் கீழே இரும்புச் சேஸிஸ், மேலே அலுமினியக் கூடு. நடுவில் இருக்கிற பிளைவுட் பலகைதான் இரண்டையும் பிணைக்கிறது. கூட்டின் அடிவிளிம்பில் ஓடுகிற அலுமினிய வாய்க்கால் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். போல்ட் அதைத் துளைத்து, பலகையைத் துளைத்து, இரும்பைப் பிடிக்கும். பின்மூலைப் பலகை மக்கிவிட்டால் போல்ட்டுக்குப் பிடிமானம் போய்விடும். அப்புறம் பின்பக்கத்துப் பம்பரில் ஏறி நின்று குதித்தால் சேஸிஸ் மட்டும் கீழே போகும், கூடு அசையாது. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியில் அந்த இடைவெளி என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் வீட்டுக்குச் சொல்கிற நல்ல ஆலோசனை இங்கே பாதி நேரம் உதவாது. பழைய டைல்ஸ் உடையாமல் இருந்தால் தொடாதே, அதன் மேலேயே புதுத் தரை போட்டு மூடிவிடு என்பது வீட்டுக்குச் சரியான வழி. டிரெய்லரிலும் பலகை நன்றாக இருந்தால் நானும் அதையே செய்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பலகை மக்கியிருந்தால் மூடி வைப்பது ஆபத்தை மறைப்பது. தரை வெளியே வந்தாக வேண்டும். எப்படி வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என்னிடம் வந்த வண்டிகளில் ஐம்பது, அறுபதுகளைச் சேர்ந்தவற்றில் அடிக்கடி பார்ப்பது ஒன்பது அங்குலச் சதுர டைல்ஸ். மேலே மிதிபட்ட கம்பளம், அதற்குக் கீழே யாரோ எழுபதுகளில் ஒட்டிய வைனில் விரிப்பு, அதற்கும் கீழே கரும்பச்சையும் தந்த நிறமுமாக மாறி மாறிப் பதித்த இந்தச் சதுரங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து டைல்ஸில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரைக் கலந்தார்கள். தேய்மானம் குறையும், தீப்பிடிக்காது, விலையும் மலிவு. வைனிலோடு கல்நார் சேர்த்த டைல்ஸை 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டினார்கள். போருக்குப் பின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சமையலறை என்று எங்கும் அதுதான். டைல்ஸை ஒட்டிய கறுப்புத் தார்ப் பசையிலும் அதே நார் இருப்பதுண்டு. ஒன்பது அங்குலம் என்றாலே சந்தேகப்படு என்பது தொழிலில் இருக்கிற வழக்கு. பன்னிரண்டு அங்குலம் என்றால் பயமில்லை என்று அதற்கு அர்த்தம் ஆகாது. அதிலும் கலந்திருக்கிறார்கள்.

டைல்ஸைவிட எனக்கு அதிகப் பயம் தருவது சுருள் விரிப்பு. சணல் துணி மேல் ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்த உண்மையான லினோலியம் வேறு சாதி. ஆனால் பார்வைக்கு அதே போல இருக்கிற சில வைனில் விரிப்புகளின் முதுகில் சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரி ஒரு அடுக்கு இருக்கும். அந்த அடுக்கில் பெரும்பங்கு கல்நாராகவே இருக்கலாம். டைல்ஸில் நார் வைனிலுக்குள் இறுகிக் கிடக்கிறது. இந்த முதுகு அடுக்கோ விரிப்பை இழுத்த மாத்திரத்தில் கிழிந்து, கையாலேயே பொடிந்து, காற்றில் ஏறிவிடும். உள்ளே நுழைந்ததும் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கத் தோன்றுவதும் இந்த விரிப்பைத்தான்.

நாரின் மெல்லிசு கண்ணுக்குப் பிடிபடாது. தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், நுரையீரலின் அடிவரைக்கும் போய்த் தங்கிவிடும். சுவாசித்த அன்று இருமல்கூட வராது. நுரையீரல் இறுக்கம், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலின் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா எல்லாம் பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்து வருகின்றன. நியூயார்க்கில் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரி மருத்துவர் இர்விங் செலிகாஃப், வெப்பக்காப்பு வேலை செய்த தொழிற்சங்கத் தொழிலாளர்களின் பதிவேடுகளை வைத்து 1964இல் இதை மறுக்க முடியாதபடி காட்டினார். சிகரெட்டும் கல்நாரும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து கூடுவதோடு நிற்காது, பல மடங்காகப் பெருகும் என்றும் அவரே காட்டினார். ஆனாலும் அமெரிக்காவில் 1989இல் கொண்டுவந்த தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் நீக்கிவிட்டது. தப்பி நின்ற சில தடைகளில் ஒன்று, நான் மேலே சொன்ன தரை விரிப்பின் முதுகுத்தாளுக்கானது. வெள்ளைக் கல்நாருக்குத் தடை 2024 மார்ச்சில்தான் வந்தது. இந்தியாவில் சுரங்கங்கள் நின்றாலும் இறக்குமதி நிற்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் வாயில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மெஷின் வைத்து அறுக்கிற பையன்களைப் பார்க்கிறேன். அந்தத் தூசி மூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. நின்று, தண்ணீர் ஊற்றிக்கொண்டாவது அறுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.

எனவே முதல் வேலை சோதனை. டைல்ஸின் ஓரத்தில், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரைத் தெளித்து நனைப்பேன். சோப்பு சேர்ந்தால் தண்ணீர் நாருக்குள் ஊறும். பிறகு கத்தியால் சிறு துண்டு, அதன் அடியில் இருக்கிற பசையோடு சேர்த்து எடுப்பேன். ஒவ்வொரு அடுக்கும் தனித்தனிப் பை. வெட்டிய இடத்தை உடனே டேப் போட்டு மூடிவிடுவேன். ஆய்வகம் முதலில் ஒளி நுண்ணோக்கியில் பார்க்கும். ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் பொருள் என்று சட்டம் சொல்கிறது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தரை டைல்ஸுக்கு அரைத்துக் கலந்த நார் மிகப் பொடியானது, சாதாரண நுண்ணோக்கிக்குத் தப்பிவிடும். "இல்லை" என்று முடிவு வந்தால் நான் நிம்மதியாகிவிட மாட்டேன், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன். கூடுதல் செலவுதான். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அந்தச் செலவை நானே ஏற்கிறேன்.

முடிவு வருவதற்குள் எலிகளைக் கவனிக்க வேண்டும். களஞ்சியத்தில் வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் எலி இல்லாமல் இருக்காது. அடித்தகட்டுக்கு மேலே, பலகைக்குக் கீழே இருக்கிற கண்ணாடிநார்ப் பஞ்சு முழுக்க அவற்றின் கூடுதான். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மான் எலி என்று ஒன்று உண்டு, அதன் எச்சத்தில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். 1993இல் நியூ மெக்சிகோ, அரிசோனா பகுதியில் திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென்று மூச்சுத் திணறிச் செத்தபோதுதான் இந்த நுரையீரல் நோயைக் கண்டுபிடித்தார்கள். நோய் கண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறக்கிறார்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசியாகக் கிளம்பி மூக்கில் ஏறும். எனவே பெருக்கவே கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எச்சம் நனைகிற அளவுக்குத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊற விட்டு, கையுறையோடு காகிதத்தால் வழித்தெடுக்க வேண்டும். கல்நாருக்கு நனைப்பதும் இதற்கு நனைப்பதும் வேறு வேறு காரணத்துக்காக. கை செய்கிற காரியம் மட்டும் ஒன்றுதான்.

கூலிக்குக் கல்நார் அகற்றும் வேலை செய்ய வேண்டுமானால் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சொந்த வண்டியில் தானே செய்கிறவருக்கு ஒரு விதி, தொழிலாகச் செய்கிறவனுக்கு இன்னொரு விதி. மேற்பார்வையாளருக்கான ஐந்து நாள் வகுப்பு முடித்திருக்கிறேன், வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்கிறேன். அப்படியிருந்தும், பொடிகிற முதுகு கொண்ட விரிப்பு என்றால் உரிமம் பெற்ற அகற்றும் குழுவை வரவழைத்துவிடுவேன். அவர்களிடம் காற்றை உறிஞ்சி வடிகட்டுகிற பெரிய கருவிகள் இருக்கின்றன. என் பட்டறையில் செய்வது இறுகிய டைல்ஸ் வேலை மட்டும்.

இப்போது டைல்ஸுக்கு வருகிறேன். இந்த வேலைக்குப் பலரும் சொல்கிற வழிகள் மூன்று: சாண்டிங் மெஷின், கரைப்பான், உலர்பனிக்கட்டி. முதலாவது நாரை வண்டி முழுக்கத் தூவுவதற்குச் சமம். சாதாரண வாக்குவம் கிளீனரும் அப்படியே, ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதும். கரைப்பான் தார்ப் பசையை இளக்கும், உண்மைதான். ஆனால் இருபது அடி நீளப் பெட்டிக்குள் அந்த ஆவி தலையைச் சுற்ற வைக்கும், ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். உலர்பனிக்கட்டியைப் பெரிய கூடத்தில் பயன்படுத்துகிறார்கள், டைல்ஸ் குளிர்ந்து சுருங்கித் தானே விட்டுக்கொள்ளும். டிரெய்லருக்குள் அது உயிருக்கே உலை. அதிலிருந்து வெளிவரும் கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். மண்டியிட்டு வேலை செய்கிறவனின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது.

நான் பயன்படுத்துவது சூடான காற்றுத் துப்பாக்கியும் அகலமான பட்டி பிளேடும். குளிர்ந்த டைல்ஸ் அப்பளம் மாதிரி நொறுங்கும். சூடு ஏறினால் ரப்பர் போல வளையும். துப்பாக்கியைச் சில அங்குல உயரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஆட்டிக்கொண்டே இருப்பேன். தார் வாசனை லேசாக வந்தால் பசை இளகுகிறது. புகை வந்தால் சூடு அதிகம், உடனே தள்ளிப் பிடிக்க வேண்டும். பிளேடைத் தரையோடு தரையாகச் சாய்த்து விளிம்புக்கு அடியில் செருகி அழுத்தினால், ஒரு சின்ன முனகலோடு டைல்ஸ் முழுச் சதுரமாக எழும்பும். எழும்பும்போதே அடிப்பக்கத்தில் உதவியாள் சோப்புத் தண்ணீரைத் தெளிப்பான். உடையாத டைல்ஸ் நேராகத் தடித்த பைக்குள் போகும். அவசரப்படுகிறவர் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா டைல்ஸையும் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பலகை எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது. அதன் மேல் ஒட்டியிருக்கிற டைல்ஸையும் தார்ப் பசையையும் எதற்காகச் சுரண்ட வேண்டும்? பலகையை அப்படியே, மேலே ஒட்டியதோடு சேர்த்துத் தூக்கிவிட்டால் நார் இருந்த இடத்திலேயே இருக்கும். பலகையைச் சேஸிஸோடு பிடித்திருக்கிற திருகாணிகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தால் போதும். அவை டைல்ஸுக்கு அடியில் இருக்கின்றன. அதற்கு ஒரு வலுவான காந்தத்தை நூலில் கட்டித் தரை மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போவேன். திருகாணி இருக்கும் இடத்தில் காந்தம் டக்கென்று ஒட்டும். அங்கே மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம். வட்டங்கள் வரிசையாக விழும், கீழே குறுக்குச் சட்டம் ஓடுகிற கோடு அதுதான். அந்த வரிசை டைல்ஸை மட்டும் சூடு காட்டி எடுப்பேன். மற்றவற்றைத் தொடுவதில்லை.

திருகாணித் தலை துருவேறித் திரும்ப மறுக்கும்போது கை தானாகக் கிரைண்டருக்குப் போகும். கூடாது. பசை ஒட்டிய இடத்தில் கிரைண்டர் சுற்றினால் அதுவரை காத்த காப்பெல்லாம் வீண். அடித்தகட்டை முன்பே இறக்கியிருப்பதால், வண்டிக்குக் கீழே படுத்து, பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரம்பத்தின் அலகைச் செருகித் திருகாணியின் உடம்பை மட்டும் அறுத்துவிடுவேன். அறுபடுவது இரும்பு மட்டும்தான்.

கூட்டைச் சேஸிஸிலிருந்து தூக்கிவிட்டு வேலை செய்வதா, அப்படியே வைத்துச் செய்வதா என்பது இந்தத் தொழிலில் ஓயாத வாக்குவாதம். தூக்காமல் செய்தால் மலிவு. ஆனால் நாலுக்கு எட்டடிப் பலகையை வாசல் வழியாக எடுக்க அதைத் துண்டு போட்டாக வேண்டும். துண்டு போடுவது என்றால் டைல்ஸையும் பசையையும் தாண்டி அறுப்பது. கல்நார் உறுதியான வண்டிகளில் நான் கூட்டைத் தூக்கியே செய்கிறேன். ஓரத்து உள்தகடுகளைக் கழற்றி, போல்ட்டுகளை விடுவித்து, உள்ளே குறுக்கும் நெடுக்கும் மரச் சட்டங்கள் கொடுத்து, இரண்டு பக்கத் தூக்கிகளில் கூட்டை ஏற்றிச் சேஸிஸை அடியிலிருந்து உருவிக்கொள்வோம். அப்புறம் தரை திறந்த வெளியில் கிடக்கும். மேற்பரப்பை நனைத்து, ஆறு மில் தடிமனுள்ள பாலிதீன் தாளை விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, பலகையைத் தூக்கும்போதே அடிப்பக்கத்தையும் சுற்றிவிடுவோம். தண்ணீர் குடித்த பலகை பிணம் கனம் கனக்கும், நாலு பேர் வேண்டும். மூலையில் மக்கிய பகுதி கையோடு பிட்டுக்கொண்டு வரப் பார்க்கும். அங்கே பழைய பலகைத் துண்டு ஒன்றை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

முகமூடி பற்றிக் கறாராக இருக்கிறேன். கொரோனா காலத்தில் எல்லோரும் போட்ட காகித முகமூடி இதற்குப் போதாது. ரப்பர் விளிம்பு வைத்த அரைமுக மூச்சுக்கருவி, அதில் பி100 என்ற ஊதாநிற வடிகட்டிகள். தாடி வைத்தவருக்கு அது முகத்தில் பொருந்தாது, காற்று ஓரமாக நுழையும். பட்டறையில் சேர வருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். உடம்பு முழுக்க ஒருமுறை உடை, வேலை முடிந்ததும் வாசலிலேயே நனைத்துக் கழற்றிப் பையில் போட வேண்டும், வீட்டுக்குப் போகக்கூடாது. கல்நார் ஆலைகளில் வேலை செய்தவர்களின் மனைவிகளுக்கு, கணவனின் சட்டையை உதறித் துவைத்த காரணத்தாலேயே மீசோதீலியோமா வந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. என் வீட்டில் குழந்தைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள். குளிக்காமல் நான் வீட்டுப்படி ஏறுவதில்லை. ஆகஸ்ட் வெயிலில் அலுமினியப் பெட்டிக்குள் இந்த உடையோடு மயக்கமே வந்துவிடும், ஆகவே இந்த வேலைகளை மே மாதக் காலைகளில் வைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் வெளியேறிய பிறகு, சேஸிஸையும் வாய்க்காலையும் ஈரத்துணியால் துடைத்து, ஹெப்பா வடிகட்டி வைத்த கருவியால் உறிஞ்சி, துடைத்த துணிகளையும் பைக்குள் போட்டுக் கட்டுவோம். இரட்டைப் பை, வெளியே எச்சரிக்கைச் சீட்டு. எல்லாக் குப்பைமேடும் இதை வாங்காது. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்ன நாளில் கொண்டுபோக வேண்டும். ரசீதை ஆய்வக அறிக்கையோடு சேர்த்து வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவேன். நாளைக்கு அவர் வண்டியை விற்றால் அந்தத் தாள்களும் வண்டியோடு போக வேண்டும்.

பழைய அழகு போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். அவர்களுக்காக எடுத்த டைல்ஸின் நிறத்தைப் படம் பிடித்து வைத்திருப்பேன். புதிய பலகைக்குக் கடல்தர பிளைவுட் போட்டு, அறுத்த விளிம்பு ஒவ்வொன்றுக்கும் எபாக்சி பூசி, அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டு அரிக்காதபடி நடுவில் பட்டை கொடுத்து, மேலே உண்மையான லினோலியம் விரிப்பேன். ஆளிவிதை எண்ணெயும் சணலும் சேர்ந்த அதே பழைய பொருளை இன்றும் செய்கிறார்கள். அதிலேயே ஒன்பது அங்குலச் சதுரங்களை வெட்டி, கரும்பச்சையும் தந்த நிறமுமாக, பழைய வரிசையிலேயே பதித்துக் கொடுக்கிறேன்.